தண்ணீர் வந்த தெருவும் வீடு வாங்குவோரும்

தியாகராய நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் ஒரு பகுதியை 1920-களில் நீதிக்கட்சி அரசு தூர்த்து மனைகளாகப் பிரித்தது. பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் வைக்கப்பட்டன. மிச்சமிருந்த ஏரி பிறகு சிறிது சிறிதாக மறைந்தது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அதன் படுகையில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையிலும் நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் சாலையிலும் ஏரியும் கரையும் பெயரளவில் இருக்கின்றன. அங்கே மனை வாங்கிய முதல் தலைமுறைக்கு இது ஏரிப்பள்ளம் என்று தெரியும். கைமாறிக் கைமாறி வந்த பத்திரங்களில் அந்தச் செய்தி தங்கவில்லை.

அடையாற்றங்கரையின் கதை வேறு. 1943 அக்டோபரில் கூவமும் அடையாறும் ஒருசேரப் பெருகியபோது ஆற்றோரத்தில் தோட்டங்களும் பங்களாக்களுமே அதிகம். சுதந்திரத்துக்குப் பின் நகரம் தெற்கே வளர்ந்தது. காந்தி நகர், கோட்டூர்புரம், பெசன்ட் நகர் எனக் குடியிருப்புகள் நெருங்கின. 1976 நவம்பரில் ஆறு கரைபுரண்டு, கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியது. 1985-ல் மறுபடியும் வெள்ளம். ஆனாலும் கோட்டூர்புரம் காலியாகவில்லை. மாறாக, நகரின் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்றானது. அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் பள்ளிக்கூடங்களும் அன்றாடம் தேவைப்படுபவை. வெள்ளமோ பத்திருபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. வீடு தேடும் குடும்பம் இந்த இரண்டையும் எடைபோடும்போது அன்றாடமே பெரும்பாலும் வென்றிருக்கிறது.

கடலோரத்தில் என்ன கட்டலாம் என்பதற்கு நாடு தழுவிய கட்டுப்பாடு 1991 பிப்ரவரியில் வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஏற்கெனவே நகரமாகிவிட்ட பகுதிகளில், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கத்தில் மட்டுமே புதிதாகக் கட்டலாம். பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற இடங்களில் கடல் பார்த்த மனைகள் அரிதாயின. அரிதானதால் மதிப்பும் கூடியது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஒன்பது மணியளவில் ஆழிப்பேரலை சென்னையைத் தாக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், ஊரூர் குப்பம், ஓடைக்குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகள் அடி வாங்கின. கடலோர மனை வியாபாரம் சில காலம் மந்தமானது. அந்த மந்தம் நீடிக்கவில்லை. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில், சீனிவாசபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் நட்சத்திர விடுதியும் அடுக்குமாடிகளும் எழுந்தன.

அதே கரையின் ஏழைகளுக்குப் பேரலை வேறு முடிவைக் கொண்டுவந்தது. 2005 மார்ச் 30-ல் அரசு வெளியிட்ட ஆணைப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் குடிபெயர்ந்தால் புதுவீடு உண்டு. இருந்த இடத்திலேயே இருப்போம் என்றால் அந்த உதவி கிடையாது. சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பல ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிச் செம்மஞ்சேரிக்குப் போயின. மீனவருக்குக் கடலை விட்டால் தொழில் இல்லை. வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு மயிலாப்பூரும் அடையாறும் எட்டாத தூரமாயின. போன இடமும் மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலம். பேரிடருக்குப் பின் கரையை விட்டு நகர்ந்தவர்கள் யார், கரைக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால், அபாயத்தைவிடப் பணமும் பத்திரமுமே அதைத் தீர்மானித்தது தெரியும். இது அநியாயம்.

வாங்குவோரின் மனத்தை உண்மையில் அசைத்தது கடல் அல்ல, 2015 வெள்ளம். டிசம்பர் 1 அன்று தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை; செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் வழியில் ஏற்கெனவே நிரம்பியிருந்த ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் என இரவோடு இரவாக மூழ்கின. 1976-ல் மூழ்கிய அதே வாரியக் குடியிருப்பிலும் தண்ணீர் புகுந்தது. பேரலை குப்பங்களை அழித்தது. இந்த வெள்ளம் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்களின் கூடத்துக்குள் வந்தது. பேச்சு மாறியதற்கு அதுவே காரணம்.

"2015-ல் தண்ணி வந்துச்சா?" என்பது அதன் பிறகு வீடு பார்க்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியானது. தரைத்தளத்தில் வீடு வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தது. தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி, கார் நிறுத்தும் இடமாக விட்டு, மேலே வீடு கட்டும் முறைக்கு இன்னொரு நியாயம் கிடைத்தது. தண்ணீர் வராத தெரு என்பதைக் கட்டுநர்கள் விளம்பரத்தில் சேர்த்தார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொத்து ஆவணங்களில் கிடைக்காது. பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று, சொத்தின் மேலுள்ள அடமானத்தைக் காட்டும், விற்பனையைக் காட்டும், வெள்ளத்தைக் காட்டாது. பட்டாவிலும் அது இல்லை. தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் பக்கத்து வீட்டுச் சுவரில் படிந்த கறையிலும்தான் விசாரிக்க வேண்டும்.

விற்க மனமில்லாதவர்கள் வீட்டையே உயர்த்தினார்கள். சாலை மேல் சாலை போட்டதில் பள்ளமாகிப்போன பழைய வீடுகளை ஜாக்கி வைத்து அடியோடு தூக்கும் வேலைக்கு ஹரியானாவிலிருந்து குழுக்கள் வந்தன. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களிலேயே முழங்காலளவு தண்ணீர் நின்றது; பழைய ஏரிநிலத்தை வடித்துவந்த மாம்பலம் கால்வாய் அந்த நீரை ஏற்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தூண்களுக்கிடையே நிறுத்திய கார்கள் மூழ்கின.

2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி வழங்குவதை 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் பட்டாவோடும் வில்லங்கத்தோடும் சேர்த்து, சதுப்புநில எல்லை எவ்வளவு தூரம் என்பதையும் விசாரிக்க வேண்டியதாயிற்று.