சித்தேரி மலையும் தானியச் சேமிப்பும்

சித்தேரி, தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அருகே கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள மலைப்பகுதி ஆகும். இங்கு மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு போன்றவை இம்மலைகளின் மரபான மானாவாரிப் பயிர்கள். மழையை நம்பி விளைந்த தானியம் அடுத்த அறுவடை வரை கெடாமல் இருக்க வேண்டும். மழை பொய்த்தால் அதற்கு மேலும் தாங்க வேண்டும். அதே தானியத்திலிருந்தே விதையும் எடுக்க வேண்டியிருந்தது.

சேமிப்பு முறைகள்

தமிழகக் கிழக்கு மலைகளில் தானியம் வைக்கத் தொம்பை பயன்பட்டது. இது மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசப்பட்ட பெரிய கூடு. தரை ஈரம் ஏறாமலிருக்கக் கல் மேல் நிறுத்தப்படும். சமவெளியில் மண்ணால் செய்த குதிரும் குலுக்கையும் இதே வேலையைச் செய்தன. மைசூர்ப் பகுதியில் கேழ்வரகு நிலத்தடிக் குழிகளில் மூடி வைக்கப்பட்டது. மூடிய குழியில் தானியம் சுவாசிப்பதால் ஆக்சிசன் குறைந்து, கரியமில வாயு கூடும், பூச்சிகள் மடியும். திறந்த உடனே குழிக்குள் இறங்குவோருக்கும் அந்தக் காற்று ஆபத்தானது.

சாமை, தினை ஆகியவற்றுக்கு உமியே முதல் காப்பு. நன்றாகக் காய்ந்த தானியம் உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். உமி நீக்கிய அரிசியில் தவிட்டு எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போவதால் அதன் ஆயுள் குறைவு. மாவாக அரைத்தால் இன்னும் குறைவு. அதனால் வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது.

தகர டப்பா

ஐரோப்பாவில் இதே சிக்கலுக்கு வேறு விடை கிடைத்தது.  நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வேகவைக்கும் முறையைக் கண்டு, 1810-இல் பிரெஞ்சு அரசின் பரிசைப் பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்டு தகரக் கலனுக்குக் காப்புரிமை பெற்றார். உணவைக் கெடுப்பவை நுண்ணுயிரிகள் என்பதைப் பாசுடர் பின்னரே விளக்கினார்.

புளிப்புள்ள பழங்களுக்குக் கொதிநீரின் வெப்பம் போதும். காய்கறி, பருப்பு, இறைச்சி ஆகியவற்றுக்கு அழுத்தக் கலனில் சுமார் 121 பாகை செல்சியசு வெப்பம் தேவை. இல்லையெனில் காற்றில்லாத டப்பாவுக்குள் கிளாசுட்ரிடியம் பொட்டுலினம் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கலாம். உப்பிய டப்பாவை உண்ணக்கூடாது. உப்பாத டப்பாவிலும் நஞ்சு இருக்கக்கூடும். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த கிருட்டிணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள் இம்முறையில் இயங்குகின்றன. தமிழக வீடுகளிலோ ஊறுகாய், வற்றல், வடகம் ஆகியவையே நிலைத்தன.

வேறுபாடும் இன்றைய நிலையும்

டப்பாவில் உள்ள உணவு உயிரற்றது. எத்தனை ஆண்டு கெடாமல் இருந்தாலும் அதை விதைக்க முடியாது. தொம்பைத் தானியம் உயிருள்ளது. அதன் ஆயுள் உண்ணத்தக்க காலத்தையும் முளைக்கும் திறனையும் சேர்த்தது. நியாயவிலைக் கடை அரிசி பரவியபின் வீட்டில் நீண்டகாலம் தானியம் வைக்கும் தேவை குறைந்தது. தொம்பை மறையும் வீட்டில் உள்ளூர் விதையும் மறையக்கூடும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், உமி நீக்கிய சிறுதானியம் நகரக் கடைகளில் பொட்டலங்களாகப் பெருகியுள்ளது. அவற்றை வாங்குவோர் சில மாதங்களுக்குள் பயன்படுத்துவது நல்லது. நெடுநாள் வைக்க விரும்புவோருக்கு உமியோடு கூடிய தானியமே ஏற்றது.