ஹெல்ஸ் கிச்சன் போதகர்

1886ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரின் மேற்கு 45ஆம் தெருவில் இருந்த இரண்டாவது ஜெர்மன் பாப்டிஸ்ட் சபைக்கு வால்டர் ரவுஷன்புஷ் என்ற இளைஞர் போதகராக வந்தார். வயது 24. தந்தை ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி. ஆத்துமாக்களை இரட்சிப்புக்கு நடத்துவதே தன் ஊழியம் என்ற நம்பிக்கையோடு மகனும் பொறுப்பேற்றார். சபையார் பெரும்பாலும் குடியேறிய ஜெர்மானியத் தொழிலாளர்கள். தேவாலயத்தை ஒட்டி இருந்த ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வாடகைக் குடியிருப்புகள் நெருக்கியடித்து நின்றன. பல வீடுகளின் உள்ளறைகளுக்கு ஜன்னலே கிடையாது. காற்றும் வெளிச்சமும் நுழையாத அந்த அறைகளில் காசநோய் பரவியது. வேலை போனால் பட்டினி. வேலையில் கை கால் போனவருக்குக் கைகொடுக்கத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று அப்போது இல்லை.

அங்கே அவர் நடத்திய அடக்க ஆராதனைகளில் குழந்தைகளுக்கானவை ஏராளம். அவைதான் தன் நெஞ்சைப் பிடித்து உலுக்கின என்றும், இந்தக் குழந்தைகள் ஏன் சாக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசித்தபடியே திரும்பியதாகவும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். எல்லாம் தேவ சித்தம் என்ற வழக்கமான ஆறுதலோடு அவர் நின்றுவிடவில்லை. ஜன்னல் இல்லாத அறையைக் கட்டியது மனிதன். அதற்கு வாடகை வாங்கியதும் மனிதன். அப்படியானால் பாவம் என்பது தனி ஆளின் குடியிலும் சூதிலும் மட்டுமா இருக்கிறது? சட்டத்திலும் சம்பளத்திலும் வாடகைச் சீட்டிலும் பாவம் இருக்க முடியாதா? அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் வரலாற்றில் 'சமூக நற்செய்தி' என்று பெயர் பெற்ற இயக்கத்தின் மையக் கேள்வி இதுதான்.

இது எவ்வளவு புதிது என்பதை அறிய ஒன்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1877இல் ரயில்வே தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, புரூக்ளினின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஹென்றி வார்ட் பீச்சர், குடியும் புகையும் இல்லாதவனுக்குக் குடும்பம் நடத்த நாளுக்கு ஒரு டாலர் போதும் என்றும், ரொட்டியும் தண்ணீரும் கொண்டு வாழத் தெரியாதவன் வாழவே தகுதியற்றவன் என்றும் மேடையேறிச் சொன்னார். இத்தனைக்கும் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் அவர். அடிமையின் விலங்கைக் கண்ட கண்ணுக்குக் கூலிக்காரனின் பசி தெரியவில்லை.

ரவுஷன்புஷ் வந்த அதே 1886இல் நியூயார்க் மேயர் தேர்தல் நடந்தது. நிலத்தின் மதிப்பு உயர்வைச் சமூகத்துக்கே வரியாகத் திருப்ப வேண்டும் என்று வாதிட்ட ஹென்றி ஜார்ஜ் தொழிலாளர் வேட்பாளராக நின்றார். அவருக்காகப் பேசிய கத்தோலிக்கக் குருவான எட்வர்ட் மெக்லின் மறு ஆண்டு திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, 1892இல்தான் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஜார்ஜ் தோற்றார். ஆனால் சமூகப் பிரச்சினைகளின் பக்கம் தன் கண்ணைத் திறந்தவர் அவரே என்று ரவுஷன்புஷ் கடைசி வரை நன்றியோடு சொல்லிவந்தார். இதற்கிடையே நோயில் விழுந்த அவர், முழுவதும் தேறும் முன்பே எழுந்து வீடு வீடாகப் போனார். கேட்கும் திறனில் பெரும்பகுதி போயிற்று. 1897இல் ராச்செஸ்டர் இறையியல் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்று, பிறகு திருச்சபை வரலாறு கற்பித்தார்.

1907இல் 'கிறிஸ்தவமும் சமூக நெருக்கடியும்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் கேட்டது பலியை அல்ல, நியாயத்தை. இயேசு அறிவித்த தேவனுடைய இராஜ்யம் செத்த பிறகு போய்ச் சேரும் இடம் மட்டுமல்ல, இந்தப் பூமியில் மனித உறவுகள் நீதியாக மாறுவதும்தான் என்பது நூலின் சாரம். கடும் எதிர்ப்பு வரும் என்று எண்ணியபடி அவர் ஜெர்மனிக்குப் படிப்பு விடுப்பில் போனார். திரும்பியபோது நாடறிந்தவராகியிருந்தார்.

அவர் தனியாள் அல்லர். கான்சாஸின் டொபீகாவில் சார்ல்ஸ் ஷெல்டன் என்ற போதகர், எதைச் செய்யும் முன்பும் 'இயேசு என்ன செய்வார்?' என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சபையின் கதையை ஞாயிறு மாலைகளில் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தார். 1897இல் நூலான அந்தக் கதையின் பதிப்புரிமைப் பதிவில் குறை இருந்ததால் பல பதிப்பகங்கள் இஷ்டத்துக்கு அச்சிட்டு விற்றன; எழுதியவருக்குக் கிடைத்தது சொற்பம். ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் வாஷிங்டன் கிளாடன் தொழிற்சங்க உரிமைக்காகப் பேசினார். 1905இல் அவர் கிளப்பிய சர்ச்சைக்குத் தமிழர் வரலாற்றோடும் தொடர்பு உண்டு. வட்டுக்கோட்டை செமினரியையும் மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் தோற்றுவித்த மிஷனின் தாய் நிறுவனமான அமெரிக்கன் போர்டுக்கு, ஸ்டாண்டர்டு ஆயில் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1,00,000 டாலர் கொடுத்தார். போட்டியாளர்களை நசுக்கிச் சேர்த்த பணம் கறைபடிந்தது, அதை வாங்குவது அந்த வழிக்கே ஆசி கூறுவதாகும் என்று கிளாடன் எதிர்த்தார். பணம் தானாக வரவில்லை, போர்டு அதிகாரிகளே கேட்டு வாங்கியது என்பது பிறகு வெளியே வந்தது. போர்டு பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் காணிக்கை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நாடு முழுவதும் பேசப்பட்டது.

1908 மே மாதம் மெத்தடிஸ்ட் திருச்சபை 'சமூக விசுவாச அறிக்கை' ஒன்றை ஏற்றது. குழந்தைத் தொழில் ஒழிப்பு, வேலை நேரக் குறைப்பு, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, வாழ்வதற்குப் போதிய கூலி, பணியிட விபத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. அந்த டிசம்பரில் பிலடெல்ஃபியாவில் உருவான திருச்சபைகளின் கூட்டு மன்றமும் அதை விரிவாக்கி ஏற்றது. வார ஓய்வு கேட்பது இன்று சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். அன்று எஃகு ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம், பலருக்கு வாரம் ஏழு நாளும் வேலை. 1919 எஃகு வேலைநிறுத்தத்தைத் திருச்சபைகளின் குழு ஒன்று விசாரித்தது. தலைவர் மெத்தடிஸ்ட் பேராயர் பிரான்சிஸ் மக்கானல். 1920இல் வந்த அறிக்கை, தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 12 மணி நேர வேலையில் சிக்கியிருப்பதை எடுத்துக்காட்டியது. வேலைநிறுத்தம் ஏற்கெனவே முறியடிக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் கருத்து திரண்டது, குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் வற்புறுத்தினார். 1923இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 12 மணி நேர முறையைக் கைவிட்டது. கத்தோலிக்கர் தரப்பில் ஜான் ரயன் என்ற குரு 1906லேயே வாழ்வூதியம் பற்றி நூல் எழுதினார். 1919இல் கத்தோலிக்க ஆயர்களின் பெயரில் வந்த சீரமைப்புத் திட்டத்தை வரைந்தவரும் அவரே. குறைந்தபட்சக் கூலி 1938இல் நாடு தழுவிய சட்டமாயிற்று. இயக்கத்தின் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் மதுவிலக்குக்கும் தோள்கொடுத்தன. ஆனால் அது 1933இல் ரத்தானது.

இயக்கத்தின் பெரிய குறை நிறவெறியைக் கண்டும் காணாமல் போனது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் எட்கர் கார்ட்னர் மர்ஃபி என்ற எபிஸ்கோப்பல் போதகர் பஞ்சாலைகளில் வேலை செய்த சிறுவர்களுக்காக உண்மையாகவே உருகினார். 1904இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு உருவாக முன்னின்றார். அதே மர்ஃபி 1900இல் அந்நகரில் கூட்டிய இனப் பிரச்சினை மாநாட்டில் ஒரு கறுப்பர்கூடப் பேச அழைக்கப்படவில்லை. நிறப் பிரிவினையை அவர் நியாயப்படுத்தினார். ரவுஷன்புஷ்கூட இந்தப் பிரச்சினை பற்றி வெகு குறைவாகவே எழுதினார். இந்த மௌனத்துக்குக் காலத்தின் பெயரால் மன்னிப்பு வழங்க இயலாது. ஏனென்றால் அதே காலத்தில் ரெவர்டி ரான்சம் என்ற போதகர் சிகாகோவில் கறுப்பர்களுக்கென 1900இல் ஒரு திருச்சபையைத் தொடங்கி, குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி, வேலைவாய்ப்பு நிலையம் எல்லாம் நடத்திக்கொண்டிருந்தார். பார்க்க விரும்பியவர்களுக்கு அது தெரியாத இடத்தில் இல்லை.

ரவுஷன்புஷ் 1918இல் காலமானார். முதல் உலகப் போரும் பின்வந்த பொருளாதார வீழ்ச்சியும் இயக்கத்தின் நம்பிக்கையை ஆட்டிவிட்டன. மனிதக் குழுக்களின் சுயநலத்தை அது குறைத்து எடைபோட்டது என்று 1932இல் இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர் கடுமையாக விமர்சித்தார். இருவரையும் குரோசர் இறையியல் கல்லூரியில் ஊன்றிப் படித்த மாணவர் மார்ட்டின் லூதர் கிங். ரவுஷன்புஷின் 1907ஆம் ஆண்டு நூல் தன் சிந்தனையில் அழியாத தடம் பதித்ததாக அவர் பின்னர் எழுதினார். 1954இல் கிங் போதகராகப் போன ஊர், மர்ஃபியின் அதே மாண்ட்கோமரி. மறு ஆண்டு அங்கே நிறப் பிரிவினையை எதிர்த்துத் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அதன் கூட்டங்கள் நடந்ததும் பணம் திரண்டதும் கறுப்பர் திருச்சபைகளில்; மாற்றுப் போக்குவரத்துக்கு வாங்கிய வண்டிகள் பதிவானதும் அவற்றின் பெயரில்.

1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் குப்பை லாரியின் அழுத்து இயந்திரத்தில் நசுங்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தனர். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்குத் துணைநிற்கப் போன கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்துக் கூலியை உயர்த்தச் சம்மதித்தது. அந்த ஒப்பந்தத்தை வாக்களித்து ஏற்கத் தொழிலாளர்கள் கூடிய இடம் கிளேபார்ன் டெம்பிள் என்ற தேவாலயம்.