ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை

ஜெர்மனியில் பட்டப்படிப்பில் சேர விரும்பும் வெளிநாட்டு மாணவர் கடக்க வேண்டிய தகுதிச் சரிபார்ப்பு, விண்ணப்பம், விசா ஆகிய மூன்றும் சேர்ந்ததே சேர்க்கை நடைமுறை. நாடு முழுமைக்கும் பொதுவான நுழைவுத்தேர்வோ கலந்தாய்வோ அங்கு இல்லை. கல்வி 16 மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. யாரைச் சேர்ப்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. சேர்க்கை பெரும்பாலும் சான்றிதழ்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது: படித்த பாடங்கள் ஜெர்மனியின் பாடத்திட்டத்துடன் எவ்வளவு பொருந்துகின்றன, மதிப்பெண்கள் ஜெர்மன் தர எண்ணில் என்னவாகின்றன என்பவையே முதன்மையான கேள்விகள்.

பின்னணி

வெளிநாட்டு மாணவர்களுக்கான தகவல், உதவித்தொகைப் பணிகளைக் கவனிக்கும் முதன்மை அமைப்பு டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை. இது 1925இல் ஹைடல்பெர்க் நகரில் தொடங்கியது. இந்தியாவுடனான உயர்கல்வி உறவில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. சென்னை ஐஐடி 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் நிறுவப்பட்டது.

2005இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் கல்விக் கட்டணத்துக்கு வழிவிட்டதும் சில மாநிலங்கள் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. எதிர்ப்பு வலுத்ததால் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக 2014இல் லோயர் சாக்ஸனி மாநிலமும் கைவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லாதது வெளிநாட்டு மாணவர்களின் வருகைக்கு முக்கியக் காரணம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கு 49,483 இந்திய மாணவர்கள் பயின்றனர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம்.

நுழைவுத் தகுதி

இந்தியாவில் ப்ளஸ் டூ மட்டும் முடித்தவர் இளநிலைப் படிப்பில் நேரடியாகச் சேர முடியாது. அவருக்கு மூன்று வழிகள் உள்ளன. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டைத் தேர்ச்சியுடன் முடித்தால் தொடர்புடைய துறையில் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேர்ச்சி பெற்றவர் பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது வழி, ஸ்டூடியன்கொல்லெக் எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு. இதில் தொழில்நுட்பத்துக்கு டி, மருத்துவம், உயிரியலுக்கு எம், வணிகத்துக்கு டபிள்யூ எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முடிவில் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

முதுகலைக்கு, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும். உலக நாடுகளின் கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் எச்-பிளஸ் குறியீடு பெற்ற நிறுவனங்களின் பட்டத்துக்கு ஏற்பு உண்டு. அடுத்து வருவது பாடப் பொருத்தம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர் கணினி அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தால், அல்காரிதம், தரவுத்தளம், தருக்கக் கணிதம் போன்ற தாள்களை எத்தனை கிரெடிட்டுக்குப் படித்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். அவை போதாவிட்டால் சிஜிபிஏ 9க்கு மேல் இருந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படும். ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். இந்திய கிரெடிட் இதற்கு நேரடியாக ஒத்துவராததால், ஒவ்வொரு தாளிலும் நடத்தப்பட்ட பகுதிகளையும் வகுப்பு நேரத்தையும் காட்டும் பாடத்திட்டத்தைப் பல துறைகள் கேட்கின்றன.

மதிப்பெண் மாற்றம்

ஜெர்மன் முறையில் 1.0 மிக உயர்ந்த தரம், 4.0 தேர்ச்சியின் எல்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை இதற்கு மாற்றத் திருத்திய பவேரியச் சூத்திரம் பயன்படுகிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும்.

தேர்ச்சி மதிப்பெண்ணை எதுவாகக் கொள்கிறார்கள் என்பதில்தான் முடிவு மாறுகிறது. 10க்கு 7.0 சிஜிபிஏ பெற்றவரின் தேர்ச்சி எல்லை 5 என்றால் தர எண் 2.8, எல்லை 4 என்றால் 2.5. பல முதுகலைப் படிப்புகள் 2.5ஐயே கடைசி வரம்பாக வைத்திருப்பதால், அதே மாணவர் ஒரு கணக்கில் உள்ளே வருவார், மற்றொன்றில் வெளியே நிற்பார். பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விதியைத் தெளிவாகக் காட்டும் மதிப்பெண் பட்டியல் இதனால் முக்கியமாகிறது.

மொழித் தகுதி

ஆங்கிலவழிப் படிப்புகளுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் மதிப்பெண் கேட்கப்படுகிறது. இத்தகைய படிப்புகள் முதுகலையில் மிகுதி, இளநிலையில் குறைவு. ஜெர்மன்வழிப் படிப்புக்கு டெஸ்ட்டாஃப் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 4ஆம் நிலை அல்லது டிஎஸ்எச் தேர்வில் 2ஆம் நிலை பெறுவது வழக்கமான நிபந்தனை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் ஜெர்மன் வகுப்புகளையும் தேர்வுகளையும் நடத்துகிறது.

ஏபிஎஸ் சான்றிதழ்

போலிச் சான்றிதழ்களைக் கண்டறியும் நோக்கில் ஜெர்மனி 2001இல் பெய்ஜிங்கில் ஏபிஎஸ் எனப்படும் கல்விச் சான்று மதிப்பீட்டு மையத்தைத் தொடங்கியது. பின்னர் வியட்நாம், மங்கோலியா ஆகிய நாடுகளுக்கும் இம்முறை வந்தது. இந்திய மாணவர்களுக்கு, 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயமானது. புதுதில்லியில் உள்ள மையம் பள்ளி, கல்லூரிச் சான்றுகளைச் சரிபார்த்து இதை வழங்குகிறது. கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் இதை விண்ணப்பத்துடனேயே கேட்பதால், முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுவே.

விண்ணப்ப வழிகள்

விண்ணப்பம் இரண்டு வழிகளில் செல்கிறது. சில பல்கலைக்கழகங்கள் தம் இணையதளத்தில் நேரடியாகப் பெறுகின்றன. ஏறத்தாழ 170 நிறுவனங்கள் பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் பெறுகின்றன. ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டணம். யூனி-அசிஸ்ட் சான்றுகளைச் சரிபார்த்து மதிப்பெண்ணை மாற்றித் தருமே தவிர, இடம் தருவதில்லை. சரிபார்ப்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆவதால், கடைசி நாளில் அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு சான்று விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்க அவகாசம் கிடைக்காது.

குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15, கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15 என்பவை பொதுவான இறுதி நாட்கள். முதுகலைப் படிப்புகள் பலவற்றில் இதற்குப் பல மாதங்கள் முன்பே கதவு மூடப்படும். இடவரம்பு இல்லாத படிப்பில் தகுதி உள்ள அனைவருக்கும் இடம் உண்டு. இடவரம்பு உள்ள படிப்பில் தர வரிசைப்படி சேர்க்கிறார்கள். கடைசியாக இடம் பெற்றவரின் தர எண், பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் போல, ஒவ்வொரு பருவமும் மாறும். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை தனித் திறன் மதிப்பீடும் நடத்துகின்றன.

முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

செலவும் விசாவும்

கட்டணமில்லாக் கல்விக்கு இரண்டு முக்கிய விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் இவர்களிடம் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் விதிக்கிறது. கட்டணம் இல்லாத இடங்களிலும் நிர்வாகம், மாணவர் நலச் சேவைகளுக்கான பருவப் பங்களிப்பைச் செலுத்த வேண்டும்.

விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று சொல்லப்படும் முடக்கக் கணக்கில் அதைச் செலுத்துகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். உதவித்தொகைச் சான்றோ, ஜெர்மனியில் வசிப்பவர் தரும் பொறுப்பேற்பு உறுதியோ இதற்கு மாற்றாக ஏற்கப்படும். மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

சேர்ந்த பிறகு

ஜெர்மனி சேர்ந்ததும் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பின்னர் குடியேற்ற அலுவலகத்தில் வதிவிட அனுமதி பெற வேண்டும். 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம்; முன்பு இது 120, 240 ஆக இருந்தது. பட்டம் பெற்றவர் தன் படிப்புக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொள்ள 18 மாதங்கள் வரை அந்நாட்டில் தங்க அனுமதி உண்டு.