மழைத்தண்ணிக்கு யார் கணக்கு காட்டுறது?

1/ வடகிழக்குப் பருவமழை வரப்போகுது. அதுக்கு முன்னாடி மழைநீர்ச் சட்டங்களோட கதையை ஒருமுறை பார்த்துடலாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஆறறதுக்குள்ள படிச்சிடலாம். "டாக்டர், இது இன்ஜினியர் பேச வேண்டிய விஷயமாச்சே"ன்னு கேட்பீங்க. ஏன் நான் எழுதறேன்னு முதல்ல சொல்லிடறேன்.

2/ நல்ல மழை பெய்ஞ்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுதான் ஆஸ்பத்திரியில கூட்டம் ஏறும். தேங்கின தண்ணியில ஏடிஸ் கொசுவோட முட்டை பறக்கிற கொசுவா மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள்ள போனா பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள்ள காய்ச்சல் காட்டும். எலி சிறுநீர் கலந்த தண்ணியில, காலில் புண்ணோ வெடிப்போ இருக்கிறவங்க நின்னா அதுவே போதும்.

3/ இப்போ ஆரணி நெசவாளரை நினைச்சுப் பாருங்க. குழித்தறியில உட்கார்ந்து காலைக் குழிக்குள்ள விட்டுத்தான் மிதிக்கணும். தெருவுல தண்ணி நின்னா குழியில ஊற்றெடுக்கும். பட்டு நூல் ஈரம் இழுக்கும், தெருவுல பாவை நீட்ட முடியாது, தறி நிக்கும். கூலி போச்சு. அதோட காய்ச்சல் செலவு வேற. ஒரு கால்வாய் அடைச்சா ஒரு குடும்பத்துக்கு ரெண்டு அடி விழுது.

4/ சரி, இந்தத் தண்ணி எங்க போகணும்? ஆரணி கமண்டல நாகநதிக் கரையில இருக்கு. அது செய்யாற்றுல சேரும். செய்யாறு திருமுக்கூடல் பக்கம் பாலாற்றுல சேரும். பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ல கடலுக்குப் போகும். இடையில நூற்றுக்கணக்கான ஏரிகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கு. மேல் ஏரி கோடி போனா கீழ் ஏரிக்குத் தண்ணி. அதனால நம்ம ஊர் வாய்க்கால் நம்மளோடது மட்டும் கிடையாது. கடற்கரை வரைக்கும் இருக்கிற எல்லா ஊருக்கும் அதுல பங்கு உண்டு.

5/ இந்தச் சங்கிலியைக் காப்பாத்த விதி போடுறதுல நம்ம ஆளுங்க முன்னோடிங்க. பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்துல உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் அங்க கோயில் சுவர்ல வெட்டின கல்வெட்டுகள் இன்னைக்கும் இருக்கு. குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் பேசுற அதே கல்வெட்டுகள்தான். ஆனா அதுல ஒரு விஷயத்தை நாம கவனிக்கிறதே இல்ல.

6/ ஊரை 30 குடும்பா பிரிச்சாங்க. அதுல தேர்வானவங்கள்ல 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ. ஏரியைப் பார்த்துக்கிறதுதான் வேலை. யார் நிக்கக் கூடாதுன்னு ஒரு பட்டியலும் இருக்கு. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவர் நிக்கக் கூடாது. அவரோட நெருங்கின உறவுக்காரங்களும் நிக்கக் கூடாது!

7/ இதுல ஒரு உண்மையையும் சொல்லணும். அந்தத் தேர்தல்ல எல்லாருக்கும் இடம் இல்ல. நிலமும் வேதப் படிப்பும் இருந்த பிராமண ஊர்ச்சபை அது. அதைப் பொற்காலம்னு நான் சொல்ல வரல. ஆனா மூணு கேள்விக்கு அங்க பதில் இருந்துச்சு. இந்த ஏரிக்கு யார் பொறுப்பு? எத்தனை நாளைக்கு? கணக்கு காட்டலைன்னா என்ன ஆகும்?

8/ அடுத்து குடிமராமத்து. கால்வாயைத் தூர் வாருறது, கரையை அடைக்கிறது, இதெல்லாம் ஊர் சேர்ந்து செய்யுற வழக்கம். பிரிட்டிஷ் ஆட்சியில நில வரி நேரா அரசாங்கத்துக்குப் போச்சு. ஏரி பராமரிப்புக்குன்னு விட்டிருந்த மானிய நிலங்கள் பலதும் அரசு கைக்குப் போச்சு. வருமானம் மேல போக, வேலை மட்டும் ஊர் தலையில நின்னுச்சு. வழக்கம் தளராம என்ன செய்யும்?

9/ அதுக்கு அரசு கண்ட வைத்தியம் 1858ஆம் வருஷத்து முதல் சட்டம், சென்னை கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ள ஆபத்துல கரையை அடைக்க ஆளுங்களைக் கட்டாயமா கூப்பிடலாம். பாசனத்துக்கோ வடிகாலுக்கோ ஊர் வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு வராதவர், அந்த உழைப்போட மதிப்புக்கு ரெண்டு மடங்கு கட்டணும். இதுல வேலைக்கு வராதவருக்குத் தண்டனை இருக்கு. வேலையை நடத்த வேண்டியவர் யாருக்குக் கணக்கு காட்டணும்ங்கறது இல்ல. குடிமராமத்து அதனால உயிர் பெறல.

10/ அதே 1858 கோடையில லண்டன்ல என்ன நடந்துச்சு தெரியுமா? தேம்ஸ் ஆறு நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பொத்திக்கிட்டுது. உடனே பணம் ஒதுக்கி, ஜோசப் பசல்ஜெட்டுங்கற பொறியாளர்கிட்ட மொத்த நகரத்து வடிகாலையும் ஒப்படைச்சாங்க. லண்டன்ல காலரா ஒழிஞ்சதுக்கு அந்த வேலையும் பெரிய காரணம். பொறுப்பும் பணமும் ஒரே இடத்துல இருந்ததுதான் வித்தியாசம்.

11/ சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஏரிகளைப் பங்கு பிரிச்சாங்க. பொதுவா 100 ஏக்கரும் அதுக்கு மேலயும் ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித் துறை, குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள்ள ஓடுற வடிகால் நகராட்சிக்கு. ரோட்டோரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறைக்கு. இடம் வருவாய்த் துறைக்கு. தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியுமா? அது பள்ளத்தைப் பார்த்துப் போகும். நாமதான் மனுவைக் கையில வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையறோம்.

12/ 2003க்கு வருவோம். புதுசோ பழசோ, எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டுல அவசரச் சட்டம் வந்துச்சு. செய்யலைன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம்னு கூட இருந்துச்சு. நாட்டுக்கே முன்மாதிரி. அந்த வருஷம் மாநிலம் முழுக்கக் குழாய் இறக்கினாங்க. இன்னைக்கு உங்க வீட்டுக் குழாய் எங்க போய் முடியுதுன்னு பாருங்க. பல வீட்டுல மொட்டைமாடிக் குழாய் நேரா தெரு சாக்கடையில. குழி இருந்தாலும் மண் மூடியிருக்கும். கட்டச் சொன்ன வேகத்துல பத்துல ஒரு பங்கு கூட வருஷா வருஷம் சோதிக்கிறதுல இல்ல.

13/ 2007ல ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனா அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும். ஒன்றியத்துச் சின்ன ஏரிகளும் குட்டைகளும் அதுக்குள்ள வரல. 2015 டிசம்பர்ல சென்னை மூழ்குச்சு. 2018ல சட்டமன்றத்துல வச்ச தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, அதை மனிதர் உண்டாக்கின பேரிடர்னே சொல்லுச்சு. 2019ல ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துச்சு. அதுலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனா சின்ன குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பணி முடிப்புச் சான்று வேண்டாம்னு அதே விதிகள் விலக்கு தருது. அப்போ வரைபடத்துல இருக்கிற குழி நிலத்துல இருக்கான்னு யார் பார்க்கிறது?

14/ அமெரிக்காவுல கடலோர மாவட்டங்கள் இதை எப்படிச் செய்யுது? 1987ல அவங்க தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, மழைநீர் வடிகாலையும் உரிமத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. பொதுவா ஒரு ஏக்கரோ அதுக்கு மேலயோ மண்ணைக் கிளறிக் கட்டினா, மழைநீருக்குத் தனி அனுமதி வேணும். கட்டுமானம் நடக்கிறப்போ ஆய்வு செஞ்சு பதிவேட்டுல எழுதணும். கட்டி முடிச்ச பிறகும் குளத்தையும் வடிகாலையும் பராமரிக்க யாராவது பொறுப்பா இருக்கிறதை உள்ளூர் நிர்வாகம் உறுதி செய்யணும். உரிமம் வாங்கின நகரமும் மேல அறிக்கை தரணும். அங்கயும் வெள்ளம் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா "யார் பொறுப்பு"ங்கற கேள்விக்குக் காகிதத்துல ஒரு பேர் இருக்கு. உத்திரமேரூர்ல கல்லுல இருந்தது அங்க ஃபைல்ல இருக்கு, அவ்வளவுதான்.

15/ இதுல இருந்து எனக்குப் புரியறது ஒண்ணுதான். ஆயிரம் வருஷமா நமக்குச் சட்டத்துக்குப் பஞ்சமே வந்ததில்ல. கணக்கு கேட்கிற பழக்கம் மட்டும் நடுவுல அறுந்து போச்சு. மருந்துச் சீட்டு எழுதிட்டா நோய் குணமாயிடாது. மறுபடி வரச் சொல்லி பி.பி. பார்க்கணும், ரத்தம் பார்க்கணும். மழைநீர்ச் சட்டத்துக்கும் அதே மறுபரிசோதனை வேணும்.

16/ நாம என்ன செய்யலாம்?

மனை வாங்கும் முன்னாடி அ-பதிவேடும் புலப்படமும் பாருங்க. வாய்க்கால், குட்டை, நீர்நிலைப் புறம்போக்குன்னு இருந்தா விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம்.

உங்க தெரு வடிகாலைக் கடைசியா எப்போ தூர் வாரினாங்க, எவ்வளவு செலவு, எந்த அதிகாரி பொறுப்புன்னு தகவல் உரிமைச் சட்டத்துல நகராட்சிக்கு ஒரு மனு போடுங்க. பத்து ரூபா செலவு. தெருவுக்கு ஒருத்தர் போட்டாலே போதும்.

வாசல்ல படிக்கட்டுக்காக வடிகால் மேல கான்கிரீட் போட்டிருந்தா, தூக்கித் திறக்கிற மாதிரி பலகைக்கல்லா மாத்துங்க.

மழைநீர்க் குழியை ஐப்பசிக்கு முன்னாடி சுத்தம் செய்யுங்க. தொட்டியா இருந்தா கொசு போகாத மாதிரி வலை கட்டி மூடுங்க. மூடாத தொட்டி கொசுப் பண்ணை.

தறிக்குழியில தண்ணி வந்தா வெறுங்காலோட இறங்காதீங்க. கால்ல புண் இருந்தா கண்டிப்பா கூடாது. மழைக்கு அப்புறம் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தா, தண்ணியில நின்னதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஆரம்பத்துலயே பிடிச்சா சாதாரண மாத்திரையிலேயே சரியாகும். மஞ்சள் காமாலை, சிறுநீர் குறையறதுன்னு போயிட்டா உயிருக்கு ஆபத்து.

17/ கணக்கு காட்டாதவர் மறுபடி நிக்கக் கூடாதுன்னு 1,100 வருஷத்துக்கு முன்னாடி கல்லுல எழுதி வச்ச நாடு இது. அடுத்த நகராட்சித் தேர்தல்ல ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட நம்ம வாய்க்கால் கணக்கைக் கேளுங்க.