கம்பிக்குக் கீழே ஒரு காந்தம்

என் தமக்கை பிள்ளை ஒருவன் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். படிக்கிறான் என்பது என் தமக்கையின் அபிப்பிராயம். எனக்குத் தெரிந்தவரையில் அவன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"மாமா, இதிலே பிக்கப்பை மாத்தணும். அவுட்புட் ஜாஸ்தியா இருக்கற சிங்கிள் காயிலா வாங்கட்டுமா, சாதாரணமே போதுமா? போன தடவை டிரம்ஸ் சத்தத்திலே நான் வாசிச்சது ஒருத்தருக்கும் கேக்கலை" என்றான்.

பணம் கொடுக்கப் போகிறவன் நான். ஆகையால் யோசனை சொல்லும் உரிமையும் எனக்கு வந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை வேறொரு ஞாபகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அதைச் சொல்லுமுன் இந்தப் பிக்கப் என்கிற சாமானின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

'நான் வாசித்தது கேட்கவில்லை' என்ற குறையில்தான் இந்தச் சரித்திரமே ஆரம்பமாகிறது. 1920-களில் அமெரிக்காவில் நடன அரங்குகள் பெரிதாகிவிட்டன. எக்காளங்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கிதார்க்காரர் கையை ஆட்டுவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் ஜார்ஜ் போஷாம் என்ற வாத்தியக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். கம்பிகளுக்கு அருகே காந்தத்தை வைத்து, அதனுடன் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் சேர்த்தார். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது; அந்த அசைவு சுருளில் மின்சாரமாகிறது; அந்த மின்சாரத்தைப் பெருக்கினால் நாதம். அடால்ஃப் ரிக்கன்பாக்கருடன் சேர்ந்து அவர் செய்த அலுமினியக் கிதார் 1932-ல் கடைக்கு வந்தது. வாணலி போலிருந்ததால் ஜனங்கள் அதற்கு வாணலி என்றே பெயர் வைத்தார்கள்.

ஒரே சுருள் இருந்தால் சிங்கிள் காயில். 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒவ்வொரு பிக்கப்பிலும் தலைமயிர் போன்ற கம்பி சுமார் 8,000 சுற்று. கிப்ஸன் கம்பெனியின் பி-90 என்ற சிங்கிள் காயிலில் சுமார் 10,000 சுற்று. சுற்று கூடினால் மின்சாரம் கூடும். ஒலிபெருக்கி சீக்கிரமே உறுமத் தொடங்கும். ராக் வாசிக்கிற பிள்ளைகளுக்கு அந்த உறுமல்தான் சங்கீதம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுற்று ஏற ஏற, உச்ச ஸ்தாயியின் பளபளப்பு மங்கிக்கொண்டே வரும். கனம் வரும், தெளிவு போகும். போதாக்குறைக்குச் சிங்கிள் காயில் சுற்றுப்புறத்து மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பாடும். அதை அடக்குவதற்காகத்தான் கிப்ஸனில் வேலை பார்த்த ஸெத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார்.

நம் ஊருக்கு வருவோம். திருச்சியில் ரேடியோ நிலையம் வந்தது 1939 மே மாதம். அதற்கு முந்தின வருஷம்தான் சென்னையில் வீணை தனம்மாள் காலமானார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் போனவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஸ்ரீரங்கம் கோயிலிலும் இராப்பத்து உற்சவத்தில் நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது வீணைதான் வாசிக்கிறார்கள். பகலெல்லாம் நாகஸ்வரமும் ஜனக்கூச்சலும் கேட்ட பெருமாளுக்கு இரவில் வீணை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே போக வேண்டும்.

சபைகள் பெரிதானதும் வீணைக்கும் கிதாரின் சங்கடம் வந்தது. காந்தப் பிக்கப்பை வைத்துவிடலாமே என்றால், அங்கே ஒரு முட்டுக்கட்டை. வீணையில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அநுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை. காந்தத்துக்குப் பித்தளை என்றால் லட்சியமே இல்லை. மேல் ஸ்தாயி முழங்கும், கீழ் ஸ்தாயி ஊமையாகிவிடும். ஆகவே பலகையின் அதிர்வையே எடுக்கும் காண்டாக்ட் மைக்கைப் பலர் நாடினார்கள். சிட்டிபாபு அதை வைத்துக்கொண்டு பெரிய சபைகளையெல்லாம் வசப்படுத்தினார். அது வீணையின் நாதமே அல்ல என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

எங்கள் அத்தை வீணை வாசிப்பாள். எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது திருச்சியில் ஒரு நவராத்திரிக் கச்சேரிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் அவள் மேடை ஏறியதில்லை. வீணையில் மைக்கை ஒட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் அத்தை வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எழுந்து போய் ஒலிபெருக்கிக்காரரிடம், "கொஞ்சம் கூட்டுங்கள்" என்றேன். கூட்டினார். "இன்னும்" என்றேன். அடுத்த நிமிஷம் ஒரு கிறீச்சொலி மண்டபத்தையே கிழித்தது. அப்புறம் அவள் கம்பியை இழுத்த ஒவ்வோர் இழுப்பும் தகரத்தில் ஆணியால் கீறினாற்போல் இருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தை மங்களம் பாடி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி மேடை ஏறவும் இல்லை. 'இன்னும்' என்று சொன்னவன் நான்தான் என்பதை இருபத்தைந்து வருஷமாக நான் அவளிடம் சொன்னதில்லை.

இதனால் சத்தமே பாவம் என்று ஆகிவிடாது. பாலகொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் 1981-ல் சென்னையில் வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. சாதாரண மாண்டலினில் ஸ்வரம் பிறந்தவுடனே செத்துப்போகும், கமகம் நிற்காது. அவர் ஜோடி ஜோடியான எட்டுக் கம்பிகளை விட்டு, ஐந்தே தனிக் கம்பிகளும் பிக்கப்புமாக வாத்தியத்தை மாற்றிக்கொண்டார். மின்சாரம் அங்கே ஸ்வரத்துக்கு ஆயுள் கொடுத்தது. 2014-ல் அவர் மறைந்தபோது, அந்த வாத்தியம் நம்முடையதல்ல என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

என் மருமான் கூடத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினான். மோகனத்தில் ஏதோ முயன்றான். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஏண்டா, கம்பியை இழுக்கறச்சே ஸ்வரம் ஏன் இளைச்சுப் போறது?" என்றாள்.

பையன் விழித்தான். நானும் விழித்தேன். பிறகுதான் பார்த்தோம். அந்தப் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தக் குமிழ். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது தன் குமிழை விட்டு விலகுகிறது, ஒலி குறைகிறது. குமிழ்களுக்குப் பதில் நீள இரும்புத் தகடு வைத்த பிக்கப்புகளும் உண்டு. 1936-ல் வந்து, சார்லி கிறிஸ்டியன் வாசித்துப் பிரபலமான கிப்ஸன் கிதாரில் அப்படித்தான் இருந்தது. கம்பி எங்கே நகர்ந்தாலும் அதற்கு அடியில் தகடு இருக்கும்.

ஆகவே, தகடு வைத்த சிங்கிள் காயில். சுற்று மிதமாக இருக்கட்டும். சத்தம் வேண்டுமானால் ஒலிபெருக்கியின் திருகு எதற்கு இருக்கிறது என்று முடிவாயிற்று. காந்தத்தைக் கம்பிக்கு மிகவும் கிட்டே உயர்த்தக் கூடாது, கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கெடுக்கும் என்பதையும் பையன் குறித்துக்கொண்டான்.

போன வெள்ளிக்கிழமை புதுப் பிக்கப்புடன் வந்தான். நான் முன்னெச்சரிக்கையாக ஒலிபெருக்கியின் பக்கத்தில் உட்கார்ந்து திருகை நன்றாகக் குறைத்து வைத்தேன். அவன் மோகனத்தை இழுத்தான். இழுத்த இடத்தில் ஸ்வரம் நின்றது. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அத்தை, அன்னிக்கு நவராத்திரியிலே கூட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

அத்தை காதருகே கையைக் குவித்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

"என்ன சொல்றே? ஒண்ணும் காதிலே விழலை. அதைக் கொஞ்சம் கூட்டு, குழந்தை நன்னா வாசிக்கறான்" என்றாள்.

கூட்டினேன்.