தூரைத் தோண்டாத தடை

திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டியவர்கள் அறிவார்கள்: தூரைத் தோண்டாவிட்டால் அது மறுபடியும் தழைக்கும். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தீவிரவாத இயக்கங்களுக்குத் தூர், பணம்.

விடுதலைப் புலிகளை இந்தியா 1992 மே மாதம் தடை செய்தது. அவர்களுக்கான நிதியின் பெரும்பகுதி திரண்டதோ மேலை நாடுகளில். அமெரிக்கா 1997-லும், பிரிட்டன் 2001-லும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-லுமே தடை விதித்தன. அதுவரை நம் தடை அங்கு நடந்த வசூலைத் தொடவில்லை.

தடைக்குச் சான்றும் வலுவாக இருக்கவேண்டும். புலிகளைப் பட்டியலில் நீடிக்கச் செய்த ஐரோப்பிய முடிவுகளை அங்குள்ள பொது நீதிமன்றம் 2014-ல் ரத்து செய்தது. ஊடகச் செய்திகள் போதிய ஆதாரமாகா என்றது. 2017-ல் மேல்முறையீடும் தோற்றது. நம் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலும், ஓர் அமைப்பைச் சட்டவிரோதமானதென அறிவித்தால், உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான தீர்ப்பாயம் 6 மாதங்களுக்குள் அதை ஆராய்ந்து தீர்ப்பளிக்கவேண்டும். இதைச் சடங்காக்கிவிடக் கூடாது.

வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் சிறுதொகைக்காக அருப்புக்கோட்டையில் காத்திருக்கும் தாயையும் மறக்கலாகாது. வங்கி வழி கடினமானால் அந்தப் பணமும் உண்டியல்காரரிடம் போகும். குற்றப் பணம் ஒளிய அங்கே நிழல் பெருகும். நேர்வழியை எளிதாக்குவதும் தூரைத் தோண்டும் வேலையே.