ஒரே இதய நோய்... பெண்களுக்கு மட்டும் ஏன் லேட்டா தெரியுது?

“நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது.”

இதை வீட்டில் ஓர் ஆண் சொன்னால், “எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்துடு” என்பார்கள். பெண் சொன்னால், “ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு” என்பார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நம் ஊரில் ரத்தசோகை அவ்வளவு சகஜம். ஆனால், சிலருக்குப் பிரச்னை ரத்தத்தில் இல்லை, இதயத்தின் தசையில்.

இதயத்தசை நோய்களுக்கு மருத்துவத்தில் கார்டியோமயோபதி என்று பெயர். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஹார்ட் அட்டாக் வேறு, இது வேறு. இதில் ஒரு வகை, ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. சுருக்கமாக ஹெச்.சி.எம். இதயத்தின் சுவர் தேவையில்லாமல் தடித்துப்போகும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தாலே, பிள்ளைக்கு வர 50 சதவிகித வாய்ப்பு. மகன், மகள் என்ற பாகுபாடே கிடையாது.

பாகுபாடு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு இந்த நோயோடு வந்த 3,673 பேரைப் பற்றிய ஆய்வு, 2017-ல் வெளியானது. வந்து சேர்ந்தபோது ஆண்களின் சராசரி வயது 52. பெண்களுக்கு 59. ஏழு வருஷ வித்தியாசம்! வரும்போதே பெண்களுக்கு மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவுகள் முற்றியிருந்தன. வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஆண்களைவிடப் பெண்களுக்கு உயிரிழப்பு அபாயம் கூடுதலாகவே இருந்தது.

ஏன் இப்படி? ஒரு முக்கியமான காரணம், அளவுகோல். பெரியவர்களுக்கு இதயச்சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருந்தால் ஹெச்.சி.எம் என்பது வழக்கமான கணக்கு. ஆறடி ஆணுக்கும் அதே 15, ஐந்தடி பெண்ணுக்கும் அதே 15. பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது, சுவரும் மெல்லியது. அவருக்கு 14 மில்லிமீட்டர் என்பதே பெரிய தடிப்பு. ஆனால் ரிப்போர்ட்டில் அது ‘பார்டர்லைன்’ ஆகிவிடும். ஆணுக்குத் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு, ‘உனக்கு ஏன் சரியா இல்ல?’ என்று கேட்பது மாதிரிதான் இது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், 13 மில்லிமீட்டரையே டாக்டர்கள் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காக, எப்போதும் பெண்களுக்குத்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். டகோட்சுபோ என்று ஒன்று உண்டு. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் வைத்த பெயர். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்தால் இதயம் திடீரென அந்தப் பானை போல உப்பிவிடும். பாதிக்கப்படுபவர்களில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் பெண்கள். ஆனால் வந்துவிட்டால், உயிரிழப்பு விகிதம் ஆண்களிடம்தான் அதிகம். அவர்களுக்கு இது பெரும்பாலும் ஆபரேஷன், தீவிரத் தொற்று போன்ற உடல் நெருக்கடியை ஒட்டி வருவது ஒரு காரணம்.

பிரசவத்தை ஒட்டியும் இதயத்தசை பலவீனமாகலாம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து, குழந்தை பிறந்து ஐந்து மாதம் வரை கவனம் தேவை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுது, கால் வீங்குதுன்னா, “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுடாதீங்க.

நடக்கும்போது மூச்சு வாங்குவது, படபடப்பு, மயக்கம் தொடர்ந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள். சொந்தத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஹெச்.சி.எம் என்று தெரிந்ததும் தம்பியை டெஸ்ட்டுக்கு அனுப்பும் வீடுகளில், அக்காவையும் கூடவே அனுப்ப வேண்டும். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாலும்தான்!